ஆராதனை யாருக்கு? ஞாயிறு ஒழுங்கைத் திருத்தும் முன் இதைத் தீர்த்துக்கொள்வோம்

#1 ஆராதனைக்குழு_பாசெ

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய் பக்கம் ஒரு சிறு சபையின் ஆராதனை ஒழுங்கைத் திருத்துகிறோம். வாரம் 60 பேர் வருவார்கள். பாதிப்பேர் செம்பனைத் தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்பவர்கள், மீதிப்பேர் கூலிம் தொழிற்சாலைகளில்.

இப்போதைய ஒழுங்கைக் கடிகாரம் வைத்துப் பார்த்ததில் பாடல்கள் 40 நிமிடம், சாட்சி 15, அறிவிப்பு 15, பிரசங்கம் 45, வேதவாசிப்பு 3, சபைக்கான ஜெபம் 4, காணிக்கை 5, ஆசீர்வாதம் 1. மொத்தம் 128 நிமிடம்.

குழுவில் இரண்டு கருத்து. வருகிறவர்கள் உழைத்துக் களைத்தவர்கள், அவர்கள் மனம் ஆறிப் போகத்தான் ஆராதனை, ஆகவே பாட்டைக் கூட்டி வாசிப்பைக் குறைக்கலாம் என்பது ஒன்று. ஆராதனை கர்த்தருக்கு, மக்களுக்குப் பிடிக்கிறதா என்று கேட்பதே தவறு என்பது மற்றது. வேத ஆதாரத்தோடும் நடைமுறையோடும் பதில் வேண்டும்.

#2 வேதபாடம்

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். மத்தேயு 4:10இல் ஆண்டவர் சோதனைக்காரனுக்குச் சொன்ன பதிலில் இரண்டு வினைகள் உண்டு: "உன் தேவனாகிய கர்த்தரைப் பணிந்துகொண்டு, அவர் ஒருவருக்கே ஆராதனை செய்வாயாக." கிரேக்கத்தில் முதலாவது ப்ரொஸ்குனெயோ, உடம்பைத் தாழ்த்தி விழுந்து வணங்குவது. இரண்டாவது லத்ரெயுவோ, ஊழியம் செய்வது. நம் பழைய மொழிபெயர்ப்பு இரண்டையும் கலக்காமல் வைத்திருக்கிறது. ரோமர் 12:1இல் வரும் "புத்தியுள்ள ஆராதனை" இந்த இரண்டாம் சொல்லின் குடும்பம். அங்கே பாட்டும் இல்லை, கட்டடமும் இல்லை. சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதுதான் இருக்கிறது. ஆகவே பாட்டு நேரத்தை மட்டும் "ஆராதனை" என்று அழைத்துவிட்டு, "ஆராதனை முடிந்தது, இனி செய்தி" என்று சொல்லும் வழக்கத்தை இந்த வாரமே நிறுத்துங்கள். அந்த ஒரு வாக்கியம் வருஷக்கணக்கில் தவறான உபதேசத்தைக் கற்பிக்கிறது.

யாரை ஆராதிக்கிறோம் என்பதில் சபை ஆரம்பம் முதல் தெளிவாக இருந்திருக்கிறது. எபேசியர் 2:18 வழியைச் சொல்கிறது: குமாரன் மூலமாய், ஒரே ஆவியினாலே, பிதாவினிடத்தில் சேரும் சிலாக்கியம். குமாரனையும் நேரடியாகத் தொழுதார்கள். ஸ்தேவான் "கர்த்தராகிய இயேசுவே" என்று கூப்பிட்டுத்தான் உயிர்விட்டான். 381இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கம், பரிசுத்த ஆவியானவரும் பிதாவோடும் குமாரனோடும்கூட ஆராதிக்கப்படுகிறவர் என்று அறிக்கையிட்டது. திரியேக தேவனுக்கு வெளியே யாருக்கும் இதில் பங்கில்லை. வெளிப்படுத்தல் கடைசி அதிகாரத்தில் யோவான் தூதனின் பாதத்தில் விழப்போனபோது தூதன் தடுத்து, "தேவனைத் தொழுதுகொள்" என்றான்.

எதற்காக என்பதில்தான் உங்கள் குழு முட்டிக்கொண்டு நிற்கிறது. "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்" என்கிறார் கர்த்தர், சங்கீதம் 50இல். அவருக்குக் குறை ஒன்றுமில்லை, நம் துதி அவரைப் பெரியவராக்குவதில்லை. ஊற்றில் நீர் குடித்தவன் ஊற்றுக்கு உபகாரம் செய்தான் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்று ஆதிச்சபை ஆசிரியர் அகுஸ்தீன் எழுதினார். அவருக்குரிய மகிமையை அவருக்குச் செலுத்துவதே நோக்கம். அப்படிச் செலுத்தும்போது மனிதன் தான் படைக்கப்பட்ட நிலைக்குத் திரும்புகிறான், ஆறுதலும் பெறுகிறான். ஆறுதலையே குறியாக வைத்து ஒழுங்கு அமைத்தால் ஆராதனையின் மையம் மக்களாகிவிடும். அதேவேளை உங்கள் இரண்டாவது கருத்திலும் குறை உண்டு. ஜனங்களுக்கு விளங்காமல் செய்வது தேவனுக்கு அதிக மகிமை தராது.

#3 கீர்த்தனைப்பெட்டி

வேதபாடம் ஐயா கடைசி வாக்கியத்தில் தொட்டதை விரிக்கவேண்டும். 1 கொரிந்தியர் 14இல் பவுல், கல்லாதவன் உன் ஸ்தோத்திரத்துக்கு எப்படி ஆமென் சொல்லுவான் என்று கேட்கிறார். சபை ஆமென் சொல்ல முடியாத ஜெபமும் சபை பாட முடியாத பாட்டும் அந்தக் கேள்வியில் விழுந்துபோகின்றன.

பாட்டில் என்ன கெடுகிறது என்று பார்ப்போம். முதலாவது சுருதி. பாட்டு நடத்துகிறவர் தன் தொண்டைக்கு ஏற்ற கட்டையை (சுருதியின் உயர அளவை) எடுப்பார். மேல் ஸட்ஜத்தை (மேல் ஸ) தொடும் கீர்த்தனையை 4 கட்டையில் எடுத்தால் பெண்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள், ஆண்கள் கீழ் ஸ்தாயிக்கு இறங்கி முணுமுணுப்பார்கள். அப்படிப்பட்ட பாட்டுக்கு 1 அல்லது 2 கட்டை. பஞ்சமத்தோடு (ப) நின்றுவிடும் பாட்டை 4, 5 கட்டை வரை ஏற்றலாம். பாட்டின் உச்ச ஸ்வரத்தைப் பார்த்துக் கட்டையை முடிவுசெய்து, பட்டியலிலேயே எழுதிவையுங்கள்.

இரண்டாவது சங்கதி, அதாவது ஒரே வரியை மாற்றிமாற்றி அலங்கரித்துப் பாடுவது. பல்லவியைச் சபை நன்றாகப் பாடும். சரணத்தில் நடத்துகிறவர் பிருகாவும் (வேகமான குரல் சுழற்சி) சங்கதியும் போட ஆரம்பித்ததும் சபை வாயை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பிக்கிறது. அந்த நொடியில் சபை ஆராதனை கச்சேரியாகிவிடுகிறது, அவர் மனதில் பெருமை துளிகூட இல்லாவிட்டாலும். சரணத்தை நேராகப் பாடுங்கள். வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகள் ஒரு பெரிய உபதேசச் சுரங்கம். அவற்றைச் சபை முழுக்கப் பாடும் அளவுக்கு எளிதாக்கித் தருவதும் ஊழியமே.

மூன்றாவது ஒலி. தகரக்கூரைக் கட்டடத்தில் டிரம்ஸும் கீபோர்டும் சுவரிலிருந்து திரும்பி வரும். பக்கத்தில் நிற்பவர் பாடுவது காதில் விழாவிட்டால் ஒலி அதிகம். சோதனை எளிது: பாட்டு நடுவில் இசையை நிறுத்துங்கள், சபையின் சத்தம் தானாகத் தொடர்கிறதா பாருங்கள். அடங்கிப்போனால் இதுவரை பாடியது ஒலிபெருக்கிதான்.

#4 ஆராதனைக்குழு_பாசெ

நன்றி அக்கா. கட்டை எழுதிவைக்கும் யோசனையை எடுத்துக்கொண்டோம். ஒழுங்கில் எந்தப் பகுதி தேவனுக்கு, எது மக்களுக்கு என்று எப்படிப் பிரிப்பது?

#5 மேய்ப்பன்வேலை

அச்சடித்த ஒழுங்குத்தாளை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு அம்பு போடுங்கள். சபை தேவனிடம் பேசினால் மேல்நோக்கி. தேவன் தம் வார்த்தையாலும் திருவிருந்தாலும் சபையிடம் பேசினால் கீழ்நோக்கி. மனிதர் மனிதரிடம் பேசினால் பக்கவாட்டில். வசனம் வாசிப்பதும் பாவமன்னிப்பு அறிவிப்பதும் ஆசீர்வாதமும் கீழ்நோக்கி. துதியும் பாவ அறிக்கையும் மன்றாட்டும் மேல்நோக்கி. சமாதான வாழ்த்து பக்கவாட்டில், அதற்கும் இடம் உண்டு. ஏசாயா 6ஐப் பாருங்கள்: ஏசாயா கர்த்தரின் பரிசுத்தத்தைக் காண்கிறான், ஐயோ அதமானேன் என்கிறான், நெருப்புத்தழல் உதட்டைத் தொடுகிறது, சத்தம் கேட்கிறது, போகிறேன் என்கிறான். மேலும் கீழும் மாறிமாறி வரும் உரையாடல் அது.

இப்போது உங்கள் 128 நிமிடம். சாட்சியும் அறிவிப்பும் சேர்த்து 30 நிமிடம் பக்கவாட்டில். தேவனுடைய வார்த்தை விளக்கமில்லாமல் அப்படியே ஒலிப்பது 3 நிமிடம். உலகத்துக்காகவும் நோயாளிகளுக்காகவும் சபை மன்றாடுவது 4 நிமிடம். பாவ அறிக்கையே காணோம், விசுவாசப்பிரமாணமும் இல்லை. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. யார் யாரிடம் பேசுகிறோம் என்று கேட்காமல் வருஷாவருஷம் ஒவ்வொன்றாய்ச் சேர்த்தால் இப்படித்தான் ஆகும்.

இன்னொரு முக்கியமான பழுது மைக்கில் சொந்தமாகச் செய்யும் ஜெபத்தில் வரும். "பிதாவே, எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே" என்று சொல்லிவிடுகிறார்கள். மரித்தவர் குமாரன். பிதாவில் தொடங்கி, நடுவில் இயேசுவாக்கி, முடிவில் "உம்முடைய நாமத்தில்" என்றால் யாரிடம் பேசினோம் என்பதே குழம்பிவிடும். இன்னொரு வகை, ஜெபத்துக்குள் பிரசங்கம்: "ஆண்டவரே, இவர்கள் நேரத்துக்கு வருவதில்லை என்று உமக்குத் தெரியும்." கண் மூடியிருந்தாலும் அது சபைக்குச் சொல்லும் பேச்சு.

பழைய சபை ஜெபங்களின் அச்சு இதற்கு நல்ல மருந்து. ஐந்து படி: அழைப்பு, அவர் எப்படிப்பட்டவர் என்பது, வேண்டுதல், அதன் நோக்கம், கிறிஸ்துவின் மூலமாய் முடிப்பது. உதாரணம்:

"பரம பிதாவே, கூப்பிடுகிற காக்கைக்குஞ்சுகளுக்கும் ஆகாரம் கொடுக்கிறவரே, மழையால் வேலை நின்றுபோன குடும்பங்களுக்கு இன்றைய அப்பத்தைத் தாரும். அவர்கள் கலக்கமின்றி உம்மைத் துதிக்கட்டும். எங்கள் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் மூலமாய்க் கேட்கிறோம், ஆமென்."

அரை நிமிடம் ஆகாது. இப்படி எட்டு மன்றாட்டுகளை எட்டுப்பேர் முன்கூட்டி எழுதி வந்தால், ஒவ்வொன்றுக்குப் பின்னும் சிறிது மௌனம் விட்டு, சபை சத்தமாக ஆமென் சொல்லலாம். பத்து நிமிடத்துக்குள் முடியும்.

#6 ஆலைமணி

நம் பக்கத்துக் கஷ்டத்தையும் சேர்த்துப் பேசவேண்டும். கெடாவில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு பள்ளிக்கூட நாள். ஆலை வேலையும் நிற்காது. வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் நசுங்கிய பழத்தில் கொழுப்பமிலம் ஏறி எண்ணெய்த் தரம் கெட்டுவிடும், அதனால் ஞாயிறும் ஷிப்ட் உண்டு. இவர்கள் ஞாயிறு காலைக்கு வரமுடியாவிட்டால் ஆராதனைக்கு அசட்டை என்று மேடையிலிருந்து கண்டிக்கிறார்கள். அது சரியா?

#7 வேதபாடம்

சரியல்ல. ஆதிச்சபைக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 321இல் கட்டளையிடும்வரை அது வேலைநாள்தான். சுமார் 112இல் ரோம ஆளுநர் பிளினி பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தேவனாகப் பாவித்து மாறிமாறிப் பாடுகிறார்கள் என்கிறார். அதே கடிதத்தில் சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப்பெண்கள் வருகிறார்கள். அடிமைக்கு நேரம் அவன் கையில் இல்லை. விடியற்காலைதான் கிடைத்திருக்கும்.

கர்த்தர் உயிர்த்தெழுந்த நாள் என்பதால் ஞாயிறை விடவேண்டாம். ஆனால் ஞாயிறு காலை ஒன்பது மணி என்பது வேதத்தில் இல்லை. ஷிப்ட் அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஞாயிறு மாலை ஏழரைக்கு முழு ஆராதனையை வையுங்கள். இரவு ஷிப்ட்காரர்களுக்கு விடியுமுன் அரைமணி நேரச் சிறு ஆராதனை.

#8 விடியல்ஜெபம்

ஒரு சந்தேகம், சண்டைக்காக இல்லை. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் (மரியாளின் தாய்) திருவிழாவுக்கு ஜூலையில் இந்தப் பக்கத்துத் தோட்டத்து ஜனங்கள் சபை வித்தியாசம் இல்லாமல் போகிறார்கள். மெழுகுவர்த்தி, பவனி, தீர்த்தம். அவர் ஒருவருக்கே ஆராதனை என்றால் இதை எப்படிப் பார்ப்பது?

#9 திருப்பலிப்பீடம்

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். எங்கள் போதனையில் லத்ரியா என்னும் ஆராதனை கடவுளுக்கு மட்டும். புனிதருக்குச் செலுத்துவது துலியா, மரியாதை வணக்கம். 787இல் நிசேயாவில் கூடிய இரண்டாம் சங்கம், உருவத்துக்குக் காட்டும் மரியாதை அது குறிக்கும் ஆளுக்குப் போகிறது, உண்மை ஆராதனை இறைத்தன்மைக்கே உரியது என்று வரையறுத்தது. நடைமுறைச் சோதனை வேண்டுமானால் திருவிழா அன்று நடக்கும் திருப்பலியைக் கவனியுங்கள். நற்கருணை மன்றாட்டில் ஒரு வரிகூட அன்னம்மாளைப் பார்த்துப் பலி ஒப்புக்கொடுக்காது. "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று கிறிஸ்து வழியாகத் தந்தைக்குத்தான் போகும். பேதுருவே உமக்குப் பலியிடுகிறேன் என்று எந்தக் குரு சொல்லக் கேட்டீர்கள் என்று அகுஸ்தீனாரே கேட்டிருக்கிறார்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் மறைக்கமாட்டேன். பவனிக்கு வந்து மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு, திருப்பலிக்கு நிற்காமல் பேருந்து ஏறுகிறவர்கள் உண்டு. புனிதரிடம் நேர்த்திக்கடன் என்று கணக்குப் பேசுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பங்குகளில் மறைக்கல்வி குறைவு. பவனியைத் திருப்பலிக்கு முன்னோ பின்னோ ஒட்டாகச் சேர்த்து, இறைவார்த்தை வாசித்து நடத்தினால் திசை நேராகும்.

உங்கள் முதல் கேள்விக்கும் ஒன்று. 1963இல் வந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம், வழிபாட்டில் கடவுள் முழுமையாக மாட்சிமைப்படுத்தப்படுகிறார், மனிதர் தூய்மையாக்கப்படுகிறார் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

#10 வேதபாடம்

தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. சீர்திருத்தச் சபைகள் இந்த இடத்தில் உடன்படுவதில்லை. துலியா, லத்ரியா என்ற வேறுபாடு ஏட்டில் இருந்தாலும் முழங்காலில் நிற்கும் பாட்டிக்கு அது எட்டுவது கடினம், ஆகவே மறைந்த பரிசுத்தவான்களை நோக்கி மன்றாடவே கூடாது என்பது எங்கள் நிலை. அந்தப் பேதம் இந்த இழையில் தீராது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தைப் பார்க்கவேண்டும். பொற்கன்றுக்குட்டியைச் செய்த ஆரோன் "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்றுதான் கூறினான். பெயர் சரியாக இருந்தது, முன்னால் நின்றது கன்றுக்குட்டி. சிலை இல்லாத கட்டடத்திலும் ஊழியக்காரரின் ஆளுயரப் படம், ஜெபித்துக் கொடுத்த எண்ணெய்ப் போத்தல், ஒரு பாடகரின் குரல், இவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

#11 ஆராதனைக்குழு_பாசெ

அந்தக் கடைசி வரி எங்கள் அடுத்த கேள்விக்கே கொண்டுபோகிறது. விருந்தினருக்கு மாலை, பொன்னாடை. காணிக்கை கொடுத்தவர் பெயரும் தொகையும் வாசிப்பது. தோட்டத்து அதிகாரிகளுக்கு முன்வரிசை. இதெல்லாம் பல வருஷ வழக்கம். நிறுத்தினால் மனம் புண்படும்.

#12 மேய்ப்பன்வேலை

தம்பி, மரியாதை நம் பண்பாடு, அதைக் குறைக்கவேண்டாம். இடத்தை மாற்றுங்கள். பொன்னாடையை ஆசீர்வாதத்துக்குப் பின் தேநீர் வேளையில் போடலாம். தன் வீட்டுக்கு வந்த பேதுருவின் காலில் கொர்நேலியு விழுந்தபோது பேதுரு "எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான்" என்று தூக்கிவிட்டார்.

முன்வரிசை விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், தரித்திரனுக்குப் பாதபடி என்பதை யாக்கோபு 2 பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. கங்காணி (மேற்பார்வையாளர்), கிராணி (எழுத்தர்), வெட்டுக்காரர் என்ற தோட்டத்து அடுக்கை ஆலயத்தின் பெஞ்சில் உட்காரவைக்கக்கூடாது. முன்வரிசை முழங்கால் வலிக்கிற மூத்தவர்களுக்கு.

காணிக்கை: பெயர் வாசிக்காமல் ரசீது கொடுங்கள், மாதக் கணக்கை மொத்தத் தொகையாக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சுமார் 155இல் ரோமாபுரியில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் தன் சபையின் ஞாயிறு ஒழுங்கை எழுதிவைத்தார். அப்போஸ்தலர் நினைவுகளும் தீர்க்கதரிசிகளும் நேரம் அனுமதிக்கும்வரை வாசிப்பு, நடத்துபவரின் போதனை, எல்லாரும் எழுந்து ஜெபம், அப்பமும் தண்ணீர் கலந்த திராட்சரசமும், சபையின் ஆமென், வராதவர்களுக்கு உதவிக்காரர் கையில் பங்கு. பிறகு காணிக்கை: அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்போர், அந்நியர் இவர்களுக்கு. எபிரெயர் 13இல் உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலிக்கு அடுத்த வசனமே நன்மைசெய்யவும் தானதர்மம் பண்ணவும் மறவாதிருங்கள் என்கிறது. அந்நியர் என்றதும் தோட்டத்தில் குலை வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர் நினைவுக்கு வரவேண்டும். "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று ஆமோஸ் 5இல் கர்த்தர் சொன்னது, நன்றாகப் பாடிக்கொண்டே ஏழையை மிதித்த ஜனத்திடம்.

திருவிருந்தைப் பற்றி ஒன்று. கொரிந்துவில் சிலர் முந்திச் சாப்பிட்டார்கள், சிலர் பசியோடு நின்றார்கள். பவுல் கொடுத்த தீர்வு "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்". ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் எட்டேகாலுக்குத்தான் வந்துசேர்வார்கள் என்றால் விருந்து அதற்குப் பின்னால் வரட்டும். விருந்துக்கு முன் சமாதான வாழ்த்து. அது கைகுலுக்கும் சடங்கானால் பயனில்லை. "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" என்பதைச் செய்ய அது தரும் வாய்ப்பு. இரண்டு குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை இல்லையென்றால் சனிக்கிழமையே மேய்ப்பர் வீட்டுக்குப் போய்ப் பேசவேண்டும்.

அளவு: சிறு கிண்ணத்துக்கு 10 மில்லி ஊற்றினால் 60 பேருக்கு 600 மில்லி, 750 மில்லிப் போத்தல் ஒன்று போதும். அப்பத்தை முதல்நாளே தட்டில் அடுக்கினால் நம் ஊர் ஈரக்காற்றில் நமுத்துவிடும், காற்றுப்புகாத டப்பாவிலிருந்து ஆராதனைக்குச் சற்று முன் எடுங்கள். எட்டுப்பேராக முழங்கால்படியிட்டால் எட்டு வரிசை, வரிசைக்கு இரண்டு நிமிடம்.

#13 கீர்த்தனைப்பெட்டி

திரையைப் பற்றிச் சொல்ல மறந்தேன். தேசியப் பள்ளியில் படித்த இளையோரில் பலருக்குத் தமிழ் பேசவரும், வாசிக்க வராது. ரோமன் எழுத்தில் மட்டும் போட்டால் மூத்தவர்கள் தவிப்பார்கள். தமிழ் இரண்டு வரி, கீழே சிறிதாக ரோமன் இரண்டு வரி, கறுப்புப் பின்னணி. ஓடும் அருவி, அஸ்தமன வானம் வேண்டாம், எழுத்து மறைந்துபோகும். பாவ அறிக்கைக்கும் விசுவாசப்பிரமாணத்துக்கும் இதே முறை. ஆறு மாதம் ஒரே வாசகத்தை மாற்றாமல் வைத்தால் திரையே தேவைப்படாது.

பாட்டுத் தேர்வுக்கும் அம்புதான். ஒரு வாரப் பட்டியலில் "நான், எனக்கு, என்" எத்தனை, தேவன் யார், என்ன செய்தார் என்று சொல்லும் வரி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். சங்கீதங்களிலும் "நான்" நிறைய உண்டு, அதைத் தடைசெய்யச் சொல்லவில்லை. ஆனால் சங்கீதக்காரன் "நான்" என்று புலம்பினாலும் அவர் செய்ததை நோக்கித் திரும்பிவிடுவான். பட்டியல் முழுவதிலும் சிலுவையும் உயிர்த்தெழுதலும் பேர் சொல்லி வராவிட்டால் ஒரு பாட்டை எடுத்துவிட்டு வேறு வையுங்கள்.

#14 ஆராதனைக்குழு_பாசெ

குழு நேற்றிரவு கூடிச் சம்மதித்தது இது. ஞாயிறு மாலை 7.30. சங்கீத வசனத்தால் அழைப்பு 2 நிமிடம், துதிப்பாடல் இரண்டு 8, பாவ அறிக்கையும் மன்னிப்பும் 5, பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம் என நான்கு வாசிப்புக்கு 10, பிரசங்கம் 25, விசுவாசப்பிரமாணம் 2, மன்றாட்டு 10, சமாதானம் 2, காணிக்கை 4, திருவிருந்து 20, ஆசீர்வாதம் 2. மொத்தம் 90. அறிவிப்பு தேநீர் வேளையில், சாட்சி மாதம் ஒன்று, மன்றாட்டுக்கு முன்னால் மூன்று நிமிடம்.

ஷிப்ட் முடித்து எட்டேகாலுக்கு வருகிறவர்களுக்குப் பிரசங்கத்தின் கடைசிப் பகுதி கிடைக்கும், மன்றாட்டும் விருந்தும் முழுதாய்க் கிடைக்கும். விடியுமுன் ஆராதனையை யார் நடத்துவது என்பது மட்டும் பாக்கி.

#15 மேய்ப்பன்வேலை

அரைமணி நேரத்துக்குப் போதகர்தான் வேண்டுமென்றில்லை. சங்கீதம் ஒன்று, சுவிசேஷ வாசிப்பு ஒன்று, மன்றாட்டு, கர்த்தருடைய ஜெபம். வாசிக்கத் தெரிந்த மூன்றுபேரை மாற்றிமாற்றிப் போடுங்கள். எந்த வாரம் எந்த அதிகாரம் என்று மூன்று மாதத்துக்கு எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள், சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.